பலாப்பழத்தின் மேல் போட்ட பழி

கதிர்,

நீயும் அப்பாவும் ஹாஸ்டலுக்கு வாளி, பூட்டு, கொசுவலை எல்லாம் வாங்கச் சந்தைக்குப் போயிருக்கிறீர்கள். அப்பா பத்துக் கடையில் விலை கேட்டுவிட்டுக் கடைசியில் முதல் கடைக்கே திரும்பி வருகிற ஆள். எனக்கு எப்படியும் இரண்டு மணி நேரம் கிடைக்கும். சாப்பாட்டு மேஜையில் உன் மருந்துப் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதை ராத்திரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து படிக்கலாம் என்று எடுத்து வைத்துவிடாதே. கிளம்புவதற்கு முன்னாலேயே படித்தாக வேண்டும். பன்னிரண்டு வருஷம் தாமதமாக எழுதுகிற கடிதம் இது, இன்னும் ஒரு ராத்திரி தாமதமாக வேண்டாம்.

போன மாசம் கோயம்புத்தூர் காலேஜில் இடம் கிடைத்து நீ குதித்துக்கொண்டு வந்தபோது நான் சந்தோஷப்படாமல், "கடலூர்ல காலேஜே இல்லியா?" என்று கேட்டேன். நீ பொறுமையாகத்தான் பேசினாய். "என்மேல நம்பிக்கை இல்லியாம்மா?" என்றாய். நான் என்ன பதில் சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது. "ஆறு வயசுல ஒரு பலாச்சுளையால என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா?" என்றேன். பதினெட்டு வயதுப் பையன், என்னைவிட ஒரு முழம் உயரமானவன், சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாய். தட்டில் இருந்த இட்லியையே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தக் குனிந்த தலைக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஏனென்றால் கதிர், அந்தப் பலாச்சுளை ஒன்றுமே செய்யவில்லை. நீயும் ஒன்றும் செய்யவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் நேரே அங்கே போனால் நான் அழுதுவிடுவேன். அதனால் நாம் சிரித்த இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பித்தக் குழாய் சரியாக வளராமல் நீ பிறந்தாய். கைக்குழந்தையாக இருக்கும்போதே ஒரு ஆபரேஷன் செய்தார்கள், அது ஆறு வருஷம் தாங்கியது. பிறகு உன் கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, இனிமேல் ஈரலையே மாற்ற வேண்டும் என்று சென்னையில் சொன்னார்கள். என் ரத்த வகை சேரவில்லை. அப்பாவுடையது சேர்ந்தது. டாக்டர் அதைச் சொன்னதும் உன் அப்பா லாட்டரி விழுந்தது போல என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாத்தியா, எம் பிள்ளதான்" என்றார். ஆறு வருஷமாக எல்லோரும் உன் மூக்கைப் பார்த்து அம்மா ஜாடை என்று சொன்னது அவர் மனசில் எவ்வளவு இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரே நாளில் இரண்டு பேரையும் உள்ளே கொண்டுபோனார்கள். அவர் ஈரலில் ஒரு துண்டை எடுத்து உனக்கு வைத்தார்கள். அந்த நாளைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது, விடு. அதற்கு அடுத்த நாள்களைப் பற்றி எழுதுகிறேன். நீ மூன்றாம் மாடி, அவர் முதல் மாடி. நடுவில் நான், லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் படியில் ஏறி இறங்கிக்கொண்டு. வயிற்றுக் காற்று பிரிந்தால்தான் வாய் வழியாக ஏதாவது கொடுப்போம் என்று இரண்டு மாடியிலும் சொல்லிவிட்டார்கள். பசியில் இருந்த நீ என்னைக் கூப்பிட்டு, "அப்பாவுக்குக் குசு வந்துடுச்சா?" என்று கேட்டாய். கீழே போய்ச் சொன்னேன். அவர் முனகிக்கொண்டே, "இன்னும் இல்லன்னு சொல்லு. அவனுக்கு?" என்றார். அவ்வளவுதான், போட்டி ஆரம்பமாகிவிட்டது. நான் மேலே வந்தால் நீ, கீழே போனால் அவர். "அப்பா ஏமாத்துவாரு, சிஸ்டர் சாட்சி சொன்னாத்தான் செல்லும்" என்று நீ சட்டம் வேறு போட்டாய். படித்த பெண்தான் நான், பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. வாழ்க்கையில் நான் சுமந்த மிக முக்கியமான செய்தி அதுதான்.

நாலாம் நாள் காலையில் பெரிய டாக்டர் ஆறேழு பேரோடு ரவுண்ட்ஸ் வந்து, உன் கட்டிலைச் சுற்றி நின்று, கவலையான முகத்தோடு உன் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது நீ போட்டியை ஜெயித்தாய். வார்டுக்கே கேட்டது. பெரிய டாக்டர் ஃபைலை மூடிவிட்டுக் கை தட்டினார். "சிஸ்டர், நீங்க சாட்சி!" என்று நீ கத்தினாய். நான் படியில் ஓடிப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதடி, தையல் பிரிஞ்சிடும்" என்று கெஞ்சினார். சிரிப்பில் அவருக்கும் பிரிந்தது, தையல் இல்லை. ஆக, ஐந்து நிமிஷ வித்தியாசத்தில் நீ அவரை ஜெயித்தவன். எந்தப் பரீட்சையில் நீ எவ்வளவு வாங்கினாலும் எனக்கு அந்த முதல் ரேங்க் போதும்.

ஐம்பத்திரண்டு நாள் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தாய். முதல் முறை எழுந்து நின்றபோது உன் கால் இரண்டும் அகத்திக் குச்சி போல நடுங்கியது. சலைன் மாட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னார்கள். நீ அதைக் கம்பியாகவே நினைக்கவில்லை. அப்பா நிலக்கரி மைன்ஸில் ஓட்டுகிற பக்கெட் வீல் மெஷின், மண்ணை வாரி வாரிக் கொட்டுகிற அந்த ராட்சதச் சக்கரம், அதுதான் உனக்கு அது. வராந்தா முழுக்க உறுமிக்கொண்டே தள்ளுவாய். எதிரில் வருகிறவர்களிடம், "தள்ளுங்க, தள்ளுங்க, மெஷின் வருது" என்பாய். பெரிய பெரிய சர்ஜன்கள் சுவரோடு ஒட்டி நின்று உனக்கு வழி விட்டிருக்கிறார்கள்.

அங்கே நீ ஒன்றைக் கவனித்தாய். டியூட்டி மாறும்போது வருகிற சிஸ்டரும் போகிற சிஸ்டரும் உன் கட்டில் அருகே நின்று, என்ன மருந்து கொடுத்தாச்சு, எது பாக்கி என்று ஒவ்வொன்றாகப் படித்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். நீ மைன்ஸ் டவுன்ஷிப்பில் பிறந்த பிள்ளை, உனக்கு அது உடனே புரிந்துவிட்டது. "அப்பா மாதிரியேம்மா" என்றாய். "அடுத்த ஷிஃப்ட் ரிலீவர் வந்து சார்ஜ் எடுத்துக்கிட்டாத்தான் அப்பாவும் மெஷினை விட்டு எறங்குவாரு." அதைக் கேட்டுக்கொண்டு நின்ற சிஸ்டருக்கு அதிலிருந்து ரிலீவர் என்றாலே உன் ஞாபகம்தான். "தம்பி, என் ரிலீவர் வந்தாச்சு, நான் எறங்கட்டுமா?" என்று உன்னிடம் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். நீ பெரிய மனுஷன் போலத் தலையாட்டுவாய்.

அவ்வளவு தெரிந்த வீடுதான் நம் வீடு. ஆனாலும் நாங்கள் தப்பு செய்தோம்.

மே மாசம் ஊருக்கு வந்தோம். நம் பிளாக்கில் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். யாரும் கிட்டே வரக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்று கை ஆட்டினார்கள். நீ மாஸ்க்குக்குள்ளே சிரித்துக்கொண்டு மந்திரி மாதிரி கும்பிட்டாய். எதிர் வீட்டு செல்வி அக்கா மட்டும் அழுதுகொண்டே, "எப்பா, தொட்டுத்தான் பாக்கக் கூடாது, கண்ணால பாத்துக்கினு நிக்கிறேன்டா" என்றாள். உன் இரவு எட்டு மணி கேப்சூலை அப்போதெல்லாம் அப்பாதான் கொடுப்பார். காலை எட்டு மணிக்கு நான். சிறிய கேப்சூல், மணிக்குச் சரியாகப் போட வேண்டும், ஒன்றுகூட விடக் கூடாது. புது ஈரலை உன் உடம்பு வெளியாளாக நினைத்துச் சண்டை போடாமல் இருக்க அந்தக் கேப்சூல்தான் காவல். இதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, என்னைவிட உனக்கே நன்றாகத் தெரியும்.

ஜூன் மாசம் அப்பா மறுபடி ஷிஃப்டுக்குப் போக ஆரம்பித்தார். முதல் வாரம் செகண்ட் ஷிஃப்ட், மத்தியானம் போய் ராத்திரிதான் வருவார். அதனால் இரவு மருந்தும் என் பொறுப்பு ஆனது. அடுத்த வாரம் நைட் ஷிஃப்ட். ஒன்பது மணி கம்பெனி பஸ்ஸுக்குத்தான் கிளம்புவார், எட்டு மணிக்கு வீட்டில்தான் இருப்பார். அவர் வீட்டில் இருக்கிறாரே, பழையபடி அவர்தான் கொடுப்பார் என்று நான் நினைத்தேன். போன வாரம் முழுக்க அவள்தானே கொடுத்தாள், அவளே கொடுப்பாள் என்று அவர் நினைத்தார். திங்கள், செவ்வாய், புதன். மூன்று நாள் இரவு மருந்தை யாருமே கொடுக்கவில்லை. ரிலீவர் வராமல் மெஷினை விட்டு இறங்கவே கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற மனுஷனும், அவர் பெண்டாட்டியும்.

அதே வாரத்தில்தான் நீ எதிர் வீட்டுக்குப் போனாய். செல்வி அக்காவின் அம்மா வீடு பண்ருட்டி பக்கம். அங்கிருந்து வந்த பலாப்பழத்தை அக்கா வாசலில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தாள். வெளியே நறுக்கிய பழம் உனக்கு அப்போது கூடாது. அது அவளுக்குத் தெரியாது. நீ நின்ற நிலையைப் பார்த்து இரண்டே இரண்டு சுளை கொடுத்தாள். நீ வாயெல்லாம் மணக்க வந்து நின்றாய்.

வியாழக்கிழமை வாராந்தர ரத்தப் பரிசோதனை. சாயங்காலமே சென்னையிலிருந்து போன் வந்தது, உன் உடம்பு புது ஈரலோடு சண்டை போட ஆரம்பித்துவிட்டது, உடனே கூட்டி வாருங்கள் என்று. பஸ்ஸில் நீ என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். அப்பா ஜன்னல் பக்கம். மனசு ஒரு நிலையில் இல்லாமல் மருந்துப் பெட்டியைத் திறந்து எண்ணினேன். மூன்று கேப்சூல் அதிகமாக இருந்தது. மறுபடி எண்ணினேன். மூன்றுதான். அந்த மூன்றையும் எடுத்துப் புடவை முந்தானையில் முடிந்துகொண்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

டாக்டர் கேட்டார். "ரத்தத்துல மருந்து அளவு கொறைவா இருக்கேம்மா. ஏதாவது டோஸ் விட்டுப் போச்சா?" நான் அவர் கண்ணைப் பார்த்து, "இல்ல டாக்டர், கரெக்டா குடுக்கிறோம்" என்றேன். அதோடு நிற்கவும் இல்லை. "எதிர் வீட்ல பலாப்பழம் சாப்பிட்டுட்டான் டாக்டர்" என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கி, "பலாப்பழத்தால இது வராதேம்மா" என்றார். அது என் காதில் மட்டும்தான் விழுந்தது. ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் நான் பலாப்பழத்தையே சொன்னேன். உனக்குப் பத்து நாள் ஊசி. ஒவ்வொரு தடவையும் நீ என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "இனிமே பலாப்பழம் சாப்பிடவே மாட்டேம்மா, ஊசி வேணாம்னு சொல்லும்மா" என்று அழுவாய். முந்தானையில் மூன்று கேப்சூலோடு நான் உன் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

என் பொய்க்குக் கூலியும் நீதான் கொடுத்தாய். மருந்தெல்லாம் சரியாகப் போகிறது என்று நான் சொன்னதை நம்பி டாக்டர் அளவைக் கூட்டினார். அது அதிகமாகி உன் கை நடுங்க ஆரம்பித்தது. ஒரு மாசம் உன்னால் பென்சில் பிடிக்க முடியவில்லை. 'அ' எழுதினால் அது நோட்டுக்கு வெளியே ஓடியது. அடுத்த செக்கப்பில் தாங்க முடியாமல் டாக்டரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அளவைக் குறைத்து எழுதிக்கொண்டே, "நான் திட்டுவேன்னு நெனச்சீங்களா? இங்க வர்ற எல்லார் வீட்டுலயும் ஒரு நாள் இப்படி ஆகும்மா. அன்னிக்கே சொன்னா பிள்ளைக்குக் கஷ்டம் கொறையும், அவ்வளவுதான்" என்றார். உனக்கு நான் தருகிற புத்திமதி எல்லாம் இந்த ஒன்றுதான், கதிர், இதுவும் என்னுடையது இல்லை, அவருடையது. ஹாஸ்டலில் ஒரு நாள் நீயும் மறப்பாய். சினேகிதர்களோடு வெளியே போவாய், பரீட்சைக்குப் படித்துத் தூங்கிவிடுவாய். மறந்தால் போன் போட்டுச் சொல். டாக்டரிடம் சொல், என்னிடமும் சொல். நான் கத்துவேன். கத்தட்டும் என்று விடு. எதன் மேலாவது பழி போட மட்டும் செய்யாதே. என்னைப் பார், ஒரு பழத்தின் மேல் போட்டு, பன்னிரண்டு வருஷமாக அதன் வாசனைக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறேன்.

டாக்டரிடம் சொன்னதோடு என் தைரியம் தீர்ந்துவிட்டது. உன்னிடம் சொல்லவில்லை, செல்வி அக்காவிடமும் சொல்லவில்லை. நீ சபதம் போட்டவன் போலப் பலாப்பழத்தைத் தொடவே இல்லை. உனக்கு இப்போது கை கழுவிச் சுத்தமாக நறுக்கியது என்றால் தாராளமாகச் சாப்பிடலாம் என்று ஆஸ்பத்திரியில் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. அக்காவோ அன்றிலிருந்து அந்த வாசலில் பலாப்பழமே உரித்ததில்லை. சீசனுக்கு அம்மா வீட்டுக்குப் போய்த் தின்றுவிட்டு, கையையும் வாயையும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் ஊருக்குத் திரும்புவாள். அதைப் பார்த்துக்கொண்டும் நான் பேசாமல் இருந்தேன்.

போன வாரம் முதலில் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மூணு தானே?" என்றார். "எப்பிடித் தெரியும்?" என்றேன். "பஸ் ஏறுறதுக்கு முன்னாடி நானும் எண்ணினேன். நைட் ஷிஃப்ட்ல நான்தான் விட்டுட்டேன், நீ தெரிஞ்சா ஒடைஞ்சு போயிடுவேன்னு சொல்லல" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அவர் ஒரு நீள நோட்டு வாங்கி வந்து, "இனிமே இந்த வீட்டுலயும் ஹேண்ட் ஓவர் எழுதணும்" என்று கோடு போட்டது உனக்கு நினைவிருக்கும். மருந்து கொடுத்தவர் ஒரு கையெழுத்து, அடுத்த பொறுப்பு எடுத்தவர் ஒரு கையெழுத்து. இத்தனை வருஷம், இத்தனை நோட்டு. அந்தக் கோட்டை அவர் ஏன் போட்டார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஒரே தப்பை இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பன்னிரண்டு வருஷம் ஒளித்து வைத்திருக்கிறோம். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு நான் அழுதேன், அவர் மூடிய பாலிஷ் டப்பாவையே மறுபடி மறுபடி மூடிக்கொண்டிருந்தார்.

பிறகு செல்வி அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன், உட்கார்ந்தால் சொல்ல வராது என்று. கீரைக் கட்டைக் கீழே வைத்தாள். "அடிப்பாவி" என்றாள். "பன்னண்டு வருசமாடி! எங்கம்மா வூட்டு மரத்தப் பாத்து, 'உன்னாலதான எம்புள்ள ஆஸ்பத்திரில கெடந்துச்சு'ன்னு திட்டிக்கினு கெடந்தேன்டி. ஒரு வருசம் அத்த வெட்டிட சொல்லிக்கூட சண்ட போட்டேன்!" நான் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என்னை முறைத்தாள். திடீரென்று தோள் குலுங்கச் சிரித்தாள். "நல்லவேள, எங்கண்ணன் வெட்டல. காய்க்கிற மரம்டி அது." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, போனது போவட்டும். புள்ள பஸ் ஏறதுக்குள்ள எங்கையால தின்னுட்டுப் போவணும். இல்லன்னா உன்ன இந்த ஜென்மத்துல உடமாட்டேன், ஆமா" என்றாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைத்தான் கடைசியாக வைத்திருந்தேன். அந்த மூன்று நாளில் ஒரு நாள், செவ்வாய் என்று நினைக்கிறேன், நான் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். நீ வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "அம்மா, எட்டு மணி கேப்சூல்?" என்றாய். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அதான் அப்பா குடுத்துட்டாருல்ல, போய்ப் படு" என்றேன். நீ போய்ப் படுத்துக்கொண்டாய். அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தோம். ஒருவர் ராட்சத மெஷின் ஓட்டுகிறவர், ஒருத்தி கெமிஸ்ட்ரி படித்தவள். மருந்தை ஞாபகம் வைத்திருந்தது ஆறு வயதுப் பிள்ளை மட்டும்தான். "என்மேல நம்பிக்கை இல்லியாம்மா?" என்று நீ கேட்டபோது நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். நம்பிக்கை இல்லாமல் போனது என்மேல்தான் கண்ணா, உன்மேல் இல்லை.

கேட் சத்தம் கேட்கிறது. வாளி இடிக்கிற சத்தமும், அதை ஏன் பச்சையில் வாங்கினாய் என்று அப்பா உன்னிடம் சண்டை போடுகிற சத்தமும். பச்சை நல்ல நிறம்தான், இருக்கட்டும். மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் நோட்டைத் திறந்து வைத்திருக்கிறேன். இன்று காலை எட்டு மணி வரைக்கும் எல்லாம் சரி. கொடுத்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எடுத்துக்கொண்டவர் என்ற இடம் காலியாக இருக்கிறது. கோணல் கையெழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை, போட்டுவிடு. ரிலீவர் வந்தாச்சு, நான் இறங்குகிறேன்.

போட்டுவிட்டு எதிர் வீட்டுக்குப் போ. மத்தியானமே பழம் வந்து இறங்கிவிட்டது, பெரிய பழம், சீசனின் கடைசிப் பழம். அக்கா வாசலில் சாக்கை விரித்து, பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் அதே இடத்தில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருக்கிறாள். வாசனை இங்கே வரைக்கும் வருகிறது. போகும்போது கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போ, பிசின் ஒட்டும். எனக்கும் இரண்டு சுளை வாங்கி வா.

அம்மா